களம் அமைத்தவரும் சில்லு கோத்தவரும்: 'டூம்' விளையாட்டின் வரலாற்றைப் பாயான் பாருவிலிருந்து நோக்குதல்

1993ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள மெஸ்கீட் என்னும் நகரில் இயங்கிய 'இட் சாப்ட்வேர்' நிறுவனம் 'டூம்' என்னும் கணினி விளையாட்டை வெளியிட்டது. அது கடைகளின் வழியாக வெளிவரவில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கணினியொன்றில் அதன் கோப்பு ஏற்றப்பட்டது. வேண்டியோர் வேண்டியவாறு படியெடுத்துக் கொண்டனர். ஒன்பது களங்களைக் கொண்ட முதற்பகுதியை எவரும் இலவசமாக ஆடலாம், பிறர்க்கும் கொடுக்கலாம். எஞ்சிய இரு பகுதிகளை விரும்பியோர் பணம் அனுப்பிப் பெற வேண்டும் என்பது ஏற்பாடு. துப்பாக்கி ஏந்திய வீரனொருவனின் கண்வழியே காட்சி விரிய, எதிர்ப்படும் பேயுருக்களைச் சுட்டு வீழ்த்தி வெளியேறும் வழியைக் கண்டடைவதே ஆட்டத்தின் பொருள். கதை என்று சொல்லிக்கொள்ள அதில் மிகுதியாக ஒன்றுமில்லை.

இத்தகைய விளையாட்டொன்று இந்திய ஆய்வியல் துறையின் இதழில் ஆராயத்தக்க பொருளாகுமா என்னும் வினா இயல்பாகவே எழும். ஆட்டத்தைவிட, ஆடியவர்கள் அதனைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பதே இக்கட்டுரையின் அக்கறை. வெளியான சில வாரங்களுக்குள் அவர்கள் அதன் உட்கூறுகளைப் பிரித்தறிந்து, தமக்கென ஆடுகளங்களை அமைக்கத் தொடங்கினர். முப்பதாண்டுகள் கடந்தும் அப்பணி ஓயவில்லை. பல்லாயிரக்கணக்கான களங்கள், அவற்றை அமைத்தவரின் பெயரும் குறிப்பும் உள்ளிட, இன்றும் பொதுக் காப்பகங்களில் கிடைக்கின்றன. ஊதியம் பெறாதவர்கள், பெரும்பாலும் மாணவர்கள், தம் எழுத்தாலும் உழைப்பாலும் உருவாக்கிய ஆவணத்தொகுதி இது. அதன் ஒரு முனை, பலரும் எண்ணாத வகையில், பினாங்குத் தீவின் தென்கிழக்கிலுள்ள பாயான் பாருவோடும் பாயான் லெப்பாசோடும் இணைந்துள்ளது. நம் மக்களின் அண்மைக்கால வரலாற்றை எழுதுவோர் எவற்றைச் சான்றாகக் கொள்கின்றனர், எவற்றைக் கைவிடுகின்றனர் என்னும் வினாவும் அங்கேயே தொடங்குகிறது.

சில்லும் ஊரும்

1960களின் இறுதியில் பினாங்கு தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது, வேலையின்மை பெருகியது. 1969இல் முதலமைச்சர் பொறுப்பை ஏற்ற துன் லிம் சோங் இயூ, அவ்வாண்டிலேயே அமைக்கப்பட்ட பினாங்கு வளர்ச்சிக் கழகத்தின் வழியாக ஏற்றுமதிக்கான தொழிற்பேட்டைகளை உருவாக்க முனைந்தார். வயலும் கம்பமுமாக இருந்த பாயான் லெப்பாசில் 1972இல் தடையற்ற வாணிப வட்டாரம் தோன்றியது. இன்டெல், அட்வான்ஸ்ட் மைக்ரோ டிவைசஸ், நேஷனல் செமிகண்டக்டர், ஹியூலட்-பேக்கர்ட், லிட்ரானிக்ஸ், போஷ், ஹித்தாச்சி, கிளாரியன் ஆகிய எட்டு நிறுவனங்களும் முதலில் வந்தமையால் 'எட்டுச் சாமுராய்கள்' என்று பின்னாளில் பெயர் பெற்றன. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே அமைத்த முதல் தொழிற்கூடம் பினாங்குக் கூடமே. 1975இல் அது தீக்கிரையானது. எனினும் நிறுவனம் வெளியேறவில்லை. தொழிற்பேட்டையை ஒட்டி வளர்ச்சிக் கழகம் எழுப்பிய புதுநகரே பாயான் பாரு. அடுக்குமாடி வீடுகள், வரிசை வீடுகள், சந்தை, பள்ளிகள் ஆகியன ஆலை உழைப்பைச் சார்ந்தே அமைந்தன எனலாம்.

அவ்வாலைகளில் நிகழ்ந்தது சில்லுகளைக் கோத்தலும் சோதித்தலும் ஆகும். அயல்நாட்டில் வார்க்கப்பட்ட சிலிக்கன் தகடுகளை நறுக்கி, நுண்ணோக்கியின் வழியே கண்ணை ஊன்றி, மயிரினும் மெல்லிய கம்பிகளால் இணைத்து, உறையிட்டு, சோதித்து அனுப்புவர். தொடக்க காலத்தில் இவ்வேலையைச் செய்தோருள் மிகப் பெரும்பாலோர் இளம்பெண்கள். மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் தீவிலிருந்தும் கரையின் மறுபுறத்திலிருந்தும் ஆலைப் பேருந்துகளில் வந்தனர். 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் அவ்வரவு இன்னும் எளிதாயிற்று. தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் முதன்முதலாக மாதச் சம்பளத்தைக் கையில் வாங்கியவர் தந்தையல்லர், மகளே. நம் புனைகதையாசிரியர்கள் பால்மரக் காட்டைப் பற்றி எழுதிய அளவிற்கு இவ்வாலைகளைப் பற்றி எழுதவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

'டூம்' விளையாட்டை ஆட இன்டெல் 386 வகைச் செயலியும் நான்கு மெகாபைட் நினைவகமும் இன்றியமையாதன. தடையின்றி ஆட 1989இல் அறிமுகமான 486 வகை வேண்டும். அக்காலத்து 486 சில்லுகள் பலவற்றின் மேற்புறத்தில் 'மலாய்' என்னும் சொல் பொறிக்கப்பட்டிருப்பதைப் பழங்கணினி சேகரிப்போர் இன்றும் காட்டுவர். சில்லு கோக்கப்பட்ட நாட்டைக் குறிக்கும் முத்திரை அது. டெக்சசிலும் நியூசிலாந்திலும் பெல்ஜியத்திலும் இளைஞர்கள் இரவெல்லாம் விழித்துக் களம் வரைந்த கணினிகளுள் ஒரு பகுதியேனும் பாயான் லெப்பாசில் யாரோ ஒரு பெண்ணின் கைப்பட்டு வந்தவை எனக் கொள்வது மிகையாகாது. அப்பொறிப்பில் நாடு உண்டு. ஆளின் பெயர் இல்லை.

களம் என்பது யாது?

ஆங்கிலத்தில் 'லெவல்' என்றும் 'மேப்' என்றும் வழங்குவதைத் தமிழில் நிலை, கட்டம், தளம் எனப் பலவாறு பெயர்ப்பர். 'நிலை' என்பது படிமுறையை மட்டும் உணர்த்துகின்றது. 'தளம்' இணையதளத்தோடு மயங்குகின்றது. போர்க்களம், ஆடுகளம், ஏர்க்களம் என வழங்கும் 'களம்' என்னும் சொல்லே ஈண்டுப் பொருத்தமுடையது. பினாங்கு இளைஞர்கள் 'மேப்' என்றே சொல்வர். அவர்களைத் திருத்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று.

களம் அமைக்கும் முறை நம் மாணவர்க்கு விளக்க எளிது. கோலமிடுவோர் முதலில் புள்ளி வைப்பர். பின்னர்க் கோட்டால் இணைப்பர். கோடுகள் சூழ்ந்த இடத்திற்கு வண்ணமிடுவர். 'டூம்' களமும் அவ்வாறே மேலிருந்து நோக்கும் தரைப்படமாக வரையப்படுகிறது. புள்ளிகளை இணைக்கும் கோடுகள் சுவராகின்றன. கோடுகள் மூடிய பரப்பு ஓர் அறையாகின்றது. ஒவ்வொரு பரப்பிற்கும் தரையின் உயரம், கூரையின் உயரம், ஒளியின் அளவு ஆகியவற்றை எண்ணால் குறிக்க வேண்டும். ஒளி 0 முதல் 255 வரை. பின்னர்ப் பேயுருக்கள், ஆயுதங்கள், மருந்துகள், ஆடுவோன் தோன்றும் இடம் ஆகியவற்றை ஆங்காங்கே வைப்பர். கோலத்தில் கோடு கோட்டை வெட்டிச் செல்லலாம். இங்குக் கோடுகள் வெட்டினால் வெட்டுமிடத்தில் ஒரு புள்ளி இருந்தே ஆக வேண்டும்.

இத்தரைப்படத்தைக் கணினி முப்பரிமாணக் காட்சியாக விரைந்து காட்டுவதற்கு ஜான் கார்மாக் கையாண்ட உத்தி, ஹென்றி பூக்ஸ், ஸ்வி கெடெம், புரூஸ் நேய்லர் ஆகிய மூவர் 1980இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து கிளைத்தது. இடத்தை ஒரு கோட்டால் இரண்டாகப் பிரித்து, அவ்விரண்டையும் மீண்டும் இரண்டிரண்டாகப் பிரித்துச் சென்றால் ஒரு மரம்போன்ற அமைப்புக் கிடைக்கும். ஆடுவோன் எங்கு நின்றாலும் எந்தச் சுவர் முன்னது, எந்தச் சுவர் பின்னது என்பதை அம்மரம் உடனே சொல்லிவிடும். பல்கலைக்கழக ஆய்விதழில் கிடந்த கருத்தொன்று பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஒரு விளையாட்டின் வழியாக உலகெங்கும் சென்ற செய்தி, ஆய்விதழ்களில் எழுதும் நமக்குச் சற்றே ஆறுதல் தரக்கூடியது.

இம்முறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மேலிருந்து நோக்கி வரையும் படமாதலால் ஓர் அறையின் மீது மற்றோர் அறையை அமைக்க இயலாது. ஒரு புள்ளிக்கு ஒரு தரை, ஒரு கூரை, அவ்வளவே. படி ஏறலாம், மேடையில் நிற்கலாம், கீழே பள்ளத்தை நோக்கலாம்; ஆனால் மாடிக்குக் கீழே புகுந்து செல்ல முடியாது. களம் அமைக்கக் கற்றுக்கொண்ட இளைஞர் பலர் முதலில் அமைத்தது தம் சொந்த வீட்டையே. 'என் வீடு' என்பது அக்காலக் களங்களுள் ஒரு தனி வகையாகவே எண்ணப்பட்டது; அனுபவமுள்ளோர் அதனை எள்ளியதும் உண்டு. அமெரிக்கப் புறநகரின் ஒற்றைத்தள வீடு இவ்விதிக்கு நன்கு இயையும். ஜார்ஜ்டவுனின் அஞ்சடியும் காற்றுமுற்றமும் நீண்ட கூடமும் உடைய கடைவீட்டின் கீழ்த்தளமும் இயையும். பாயான் பாருவின் அடுக்குமாடியோ ஒருபோதும் இயையாது. ஒரே மாதிரியான தளம் தளத்தின்மேல் அடுக்கப்பட்ட வீட்டில் வளர்ந்த ஒருவன், தன் வீட்டை அவ்விளையாட்டிற்குள் கொண்டுவர வேண்டுமாயின், அதனைக் கிடைமட்டமாகப் பரப்பியே தீர வேண்டும். கருவியொன்று எந்த வாழ்விடத்தை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டது என்பதை அதன் விதிகளே காட்டிக்கொடுக்கின்றன.

பிறர் ஆக்கத்துள் நம் ஆக்கம்

இதே நிறுவனம் உருவாக்கி 1992 மே மாதம் வெளிவந்த 'வுல்பென்ஸ்டைன்' விளையாட்டை ஆடியோர், எவரும் கேளாமலேயே அதன் களங்களை மாற்றியமைக்கும் கருவிகளை உருவாக்கினர். அதைக் கண்ட கார்மாக் சினம் கொள்ளவில்லை. அடுத்த விளையாட்டில் இயந்திரம் வேறு, தரவு வேறு எனப் பிரித்து, களம், ஓவியம், ஒலி ஆகிய யாவற்றையும் 'வாட்' என்னும் கோப்பில் தனியே வைத்தார். 'தரவெல்லாம் எங்கே?' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆன பெயர் அது. ஆடுவோர் தாம் ஆக்கிய சிறு கோப்பை மூலக்கோப்போடு சேர்த்து இயக்கினால், மூலத்தின் உறுப்புகளுக்கு மாற்றாகப் புதிய உறுப்புகள் தோன்றும், மூலம் சிதையாது. இவ்வளவு திறந்துவிடுதல் நிறுவனத்திற்குக் கேடாகும் என அஞ்சியோரும் அங்கு இருந்தனர். கார்மாக்கின் கருத்தே வென்றது. ஆயினும் புதுக் களங்கள் பணம் செலுத்திப் பெற்ற பதிப்பில் மட்டுமே இயங்க வேண்டும் என நிறுவனம் கேட்டுக்கொண்டது.

நிறுவனம் களம் வரையப் பயன்படுத்திய கருவி 'நெக்ஸ்ட்ஸ்டெப்' என்னும் அரிய இயங்குதளத்துக்கு உரியது. அதனை வெளியிட்டிருந்தாலும் வீட்டுக் கணினிகளில் இயங்கியிராது. எனவே ஆடுவோர் கோப்பின் அமைப்பைத் தாமே ஆய்ந்து கண்டறிய வேண்டியதாயிற்று. நியூசிலாந்தின் கேண்டர்பரி பல்கலைக்கழகத்திலிருந்த பிரண்டன் வைபரும், பெல்ஜியத்தின் ரபாயேல் கினேயும், பிறர் பலரின் உதவியோடு 1994 ஜனவரி இறுதியில் களந்தொகுக்கும் கருவியொன்றை வெளியிட்டனர். விளையாட்டு வெளியாகி ஏழு வாரங்களே ஆகியிருந்தன. மேட் பெல் என்பவர் கோப்பின் இலக்கணத்தை, அதிகாரபூர்வமற்றது என்று வெளிப்படையாகவே பெயரிட்டு, விரிவான குறிப்பேடாக எழுதினார். 1994 மார்ச்சு 7ஆம் நாளிடப்பட்ட ஜெப்ரி பேர்டின் களமே முதன்முதலாக வெளிவந்த புதுக்களம் எனக் கருதப்படுகின்றது. ஓர் அறையும் ஒரு கதவும் அதன்பின் ஒரு கூடமும் கொண்ட மிகச் சிறிய ஆக்கம் அது.

மலேசியத் தமிழறிஞர்க்கு இதனையொத்த முயற்சி புதிதன்று. தமிழுக்கு இடந்தராத இயங்குதளங்களில் தமிழைப் புகுத்தியவர்கள் செய்ததும் அடிப்படையில் இதுவே. எட்டு நுண்மிக் குறியீட்டின் இடங்களில் இருந்த அயல் எழுத்துருவங்களை அகற்றி, அவ்விடங்களில் தமிழ் உருவங்களை வைத்தனர். கணினியோ தான் இன்னும் பழைய எழுத்தையே காட்டுவதாக எண்ணிக்கொண்டது. மூலக்கோப்பின் சுவரோவியத்திற்கு அதே பெயரில் வேறோர் ஓவியத்தை மாற்றி வைக்கும் களமாக்குநரின் உத்தியும் வேறன்று. முத்து நெடுமாறன் 1980களிலிருந்து உருவாக்கி வந்த முரசு மென்பொருள், 1990களின் இறுதியில் மின்னஞ்சல் குழுக்களில் விவாதித்து வகுக்கப்பட்ட 'தகுதரம்' என்னும் குறியீடு, 1999இல் சென்னையிலும் 2000இல் சிங்கப்பூரிலும் 2001இல் கோலாலம்பூரிலும் கூடிய தமிழிணைய மாநாடுகள் ஆகியவற்றை நாம் தமிழ்க் கணிமையின் வரலாறு எனப் போற்றுகிறோம். அவற்றின் பின்னணியில் இருந்ததும் பிறர் மூடிவைத்த பெட்டியைத் திறந்து நோக்கும் இதே துணிவுதான். ஒன்று மொழிப்பற்று, மற்றொன்று வீண்பொழுது என்று வகுப்பது எளிது. கையாண்ட அறிவோ ஒன்றே.

கோப்பும் பாயிரமும்

இவ்வரலாற்றில் தமிழாசிரியரின் கவனத்தை மிகுதியும் ஈர்க்க வேண்டியது களத்தோடு இணைத்து வழங்கப்பட்ட உரைக்கோப்பு. பொதுக் காப்பகத்தில் ஏற்றப்படும் ஒவ்வொரு களத்துடனும் ஒரு சிறு எழுத்துக்குறிப்பு இருத்தல் வேண்டும் என்னும் மரபு 1994லேயே உருவாயிற்று. அதற்கென ஒரு படிவமும் வழங்கியது. களத்தின் பெயர், ஆக்கியோன் பெயர், அவர் முன்னர் ஆக்கியவை, களத்தின் பொருள், நன்றியுரை, ஒருவர் ஆடுவதற்குரியதா பலர் கூடி ஆடுவதற்குரியதா என்னும் விளக்கம், முற்றிலும் புதியதா பிறர் களத்தைத் திருத்தியதா என்னும் அறிவிப்பு, ஆக்க எடுத்துக்கொண்ட காலம், பயன்படுத்திய கருவி, அறியப்பட்ட குறைகள், பிறர் இதனைத் தழுவி ஆக்கலாமா என்னும் இசைவு, எங்குக் கிடைக்கும் என்னும் முகவரி ஆகியவை அதில் இடம்பெறும்.

பவணந்தியாரின் நன்னூல் சிறப்புப்பாயிரத்திற்கு வகுத்த இலக்கணத்தை அறிந்தோர் இவ்விடத்தில் வியப்படையாமல் இருக்க இயலாது. நூலை ஆக்கியவர் யார், அது எவ்வழியில் வந்தது, எவ்வெல்லையில் வழங்குகிறது, அதன் பெயர் யாது, எவ்வகையில் யாக்கப்பட்டது, எதனைக் கூறுகிறது, யாருக்காக எழுந்தது, என்ன பயன் தரும் என்னும் எட்டையும், இவற்றோடு காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் பாயிரம் சொல்ல வேண்டும் என்பது நம் மரபு. படிவத்தை வகுத்த இளைஞர்கள் நன்னூலைக் கேள்வியுற்றிருக்க வாய்ப்பில்லை. ஆக்கியோனை நேரில் அறியாத ஒருவர் கையில் ஆக்கம் சென்றுசேரும்போது எவற்றைச் சொல்லியாக வேண்டும் என்னும் தேவை ஒன்றாதலின், விடையும் ஒன்றாயிற்று. முற்றிலும் புதியதா, திருத்தியதா என்னும் வினா நம் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்னும் பாகுபாட்டை நினைவூட்டுகின்றது. 'அறியப்பட்ட குறைகள்' என்னும் பகுதியை அவையடக்கம் எனவே கொள்ளலாம். அவையடக்கத்தைப் போலவே அதிலும் உண்மைப் பணிவும் உண்டு, போலிப் பணிவும் உண்டு. குறை ஏதுமில்லை என்று எழுதியோரே மிகப்பலர்.

வேறுபாடும் கருதத்தக்கது. நம் மரபில் சிறப்புப்பாயிரத்தை ஆக்கியோன் தானே எழுதுதல் முறையன்று. ஆசிரியரோ உடன்கற்றோரோ மாணாக்கரோ உரையாசிரியரோ எழுதுவர். களக்குறிப்பை ஆக்கியோனே எழுதினான். தன்னைப் புகழ்ந்துகொள்ளக் கூச்சப்படாதவரும் இருந்தனர். எனினும் இக்குறிப்புகளே இன்று வரலாற்றாசிரியர்க்கு எஞ்சிய சான்று. ஒரு மாணவன் தேர்வு விடுமுறையில் மூன்று வாரம் உழைத்தான், அவன் தம்பி ஆடிப் பார்த்துத் திருத்தம் சொன்னான், நண்பன் ஒருவன் ஒலி சேர்த்தான் என்னும் தரத்துச் செய்திகள் ஏட்டுச்சுவடியின் இறுதியில் படியெடுத்தோன் எழுதிய நாட்குறிப்பைப் போன்றவை. ஆக்கத்தைவிட அவற்றை வாசிப்பதில் இக்கட்டுரையாளருக்கு ஈடுபாடு மிகுதி என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இசைவு பற்றிய பகுதியின் முதன்மையை வணிகம் விரைவில் உணர்த்தியது. இலவசமாக வழங்கப்பட்ட நூற்றுக்கணக்கான களங்களை 'விசார்ட்வொர்க்ஸ்' என்னும் நிறுவனம் குறுந்தகட்டில் திரட்டி 'டி-சோன்' என்னும் பெயரில் விற்றது. அதற்கு மாற்றாக 'இட்' நிறுவனம் தேர்ந்த களமாக்குநர் சிலர்க்குப் பணம் கொடுத்து 1995 டிசம்பரில் 'மாஸ்டர் லெவல்ஸ்' தொகுப்பை வெளியிட்டது. அதே தகட்டில் இணையத்திலிருந்து திரட்டிய ஆயிரத்திற்கும் மேற்பட்ட களங்களையும் சேர்த்தது வேறு கதை. 1996இல் வெளிவந்த 'பைனல் டூம்' முழுவதும் ஆடுவோராயிருந்து ஆக்குவோராக மாறியவர்களின் படைப்பே. அதன் ஒரு பகுதியை உடன்பிறந்தவருடன் ஆக்கிய டாரியோ காசாலி பின்னர் 'வால்வ்' நிறுவனத்தில் சேர்ந்து 'ஹாப்-லைப்' உருவாக்கத்தில் பங்கேற்றார். டிம் வில்லிட்ஸ் தாம் அமைத்த களங்களின் வழியாகவே 'இட்' நிறுவனத்தில் வேலை பெற்றார். பல்கலைக்கழகச் சான்றிதழ் கேளாமல், செய்த வேலையைப் பார்த்து வேலை கொடுத்த துறை அது.

1997 டிசம்பர் 23இல் விளையாட்டின் மூலநிரல் வெளியிடப்பட்டது. 1999இல் அது கட்டற்ற உரிமத்தின்கீழ் வந்தது. அதுவரை 128 பரப்புக்கு மேல் ஒரே நேரத்தில் காட்சிக்கு வந்தால் ஆட்டம் முறிந்துவிடும் என்பது போன்ற வரம்புகளுக்குள் சுருங்கிக் களம் வகுத்தவர்கள், பின்னர் அவ்வரம்புகளைத் தாமே நீக்கிக்கொண்டனர். ஆனால் இன்றும் பழைய வரம்புக்குள்ளேயே களம் அமைப்போர் உளர். புதுக்கவிதை வந்த பின்னும் வெண்பா எழுதுவோர் இருப்பதைப் போன்றது இது என்றால் தமிழாசிரியர்க்கு வேறு விளக்கம் வேண்டா.

வன்முறை பற்றிய வினா

இவ்விளையாட்டின் குருதிக்காட்சிகளைக் கூறாது விடுதல் நேர்மையன்று. ஜெர்மனியில் 1994இல் இளையோர்க்குத் தீங்கு விளைக்கும் ஊடகப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டு, 2011இல்தான் நீக்கப்பட்டது. 1999 ஏப்ரல் 20இல் அமெரிக்காவின் கொலம்பைன் உயர்நிலைப்பள்ளியில் சக மாணவர்களையும் ஆசிரியரையும் கொன்ற இருவருள் எரிக் ஹாரிஸ் என்பவன் 'டூம்' களங்கள் அமைத்தவன். தன் பள்ளியையே களமாக அமைத்துக் கொலைக்குப் பயிற்சி பெற்றான் என்னும் செய்தி பரவியது. அவனது கிடைத்த களங்களில் அத்தகைய பள்ளி இல்லை. இருப்பினும் அச்செய்தி ஏன் அவ்வளவு எளிதாக நம்பப்பட்டது என்பது எண்ணத்தக்கது. தம் வீட்டையும் பள்ளியையும் களமாக்குவது அக்கால மாணவர்க்கு இயல்பான பழக்கமாக இருந்தது. அறிந்த இடத்தை வரைவதே வரையக் கற்பதன் முதற்படி. அதே பழக்கம் ஒரு கொலைக்குப் பின்னர் ஐயத்திற்குரியதாக மாறிற்று. பள்ளியை வரைந்த பிள்ளையைத் தண்டிப்பதா, பாராட்டுவதா என்னும் குழப்பத்தை ஆசிரியர்கள் எதிர்கொண்டனர். இரண்டிற்கும் முன்னர் அப்படத்தை அமர்ந்து பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையாளரின் நிலைப்பாடு. பார்க்காமலே தீர்ப்புரைத்தவரே பலர்.

இணைய மையங்களும் இழப்பும்

பினாங்கில் இக்கலை பெருவழக்காகப் பரவியது 'டூம்' வழியாக அன்று, அதன் வழித்தோன்றல் வழியாகவே எனலாம். 'இட்' நிறுவனத்தின் 'குவேக்' இயந்திரத்தைத் தழுவி 1998இல் 'ஹாப்-லைப்' வந்தது. அதனை மாற்றியமைத்து மின் லே, ஜெஸ் கிளிப் என்னும் இருவர் 1999இல் 'கவுண்டர்-ஸ்ட்ரைக்' ஆக்கினர். அதுவும் ஆடுவோரின் ஆக்கமே. 2000 நவம்பரில்தான் விற்பனைப் பொருளாயிற்று. அதன் மிகப் புகழ்பெற்ற பாலைவனக் களத்தை அமைத்த இங்கிலாந்தின் டேவ் ஜான்ஸ்டன் அப்போது பதின்ம வயதினர். அத்தகைய களங்களை வரையப் பயன்பட்ட கருவியை உருவாக்கிய பென் மோரிஸ், முன்னர் 'டூம்' களங்களுக்கான கருவியொன்றை எழுதியவர். வழிநூல் மரபு இங்குத் தெளிவாகவே தொடர்கின்றது.

2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் மலேசிய நகரங்களின் இணைய மையங்கள் இவ்விளையாட்டால் நிரம்பின. மேசை மேசையாக இணைக்கப்பட்ட கணினிகள், காதொலிக் கருவிகள், மணிக்கணக்கில் கட்டணம், பள்ளிச் சீருடையில் வருவோரைத் தடுக்கும் அறிவிப்பு ஆகியன இக்கட்டுரையாளரின் தலைமுறையினர்க்கு நன்கு பழகிய காட்சி. மலாய், சீன, தமிழ் இளைஞர்கள் அடுத்தடுத்து அமர்ந்து ஒரே அணியில் ஆடிய இடங்கள் அவை. அவர்கள் கூவிய சொற்கள் மும்மொழியிலும் கலந்திருந்தன; சமூக மொழியியலார் அன்றே பதிவு செய்திருக்க வேண்டிய கலப்பு அது. மையத்தின் கணினியிலிருந்து புதுக்களங்கள் பிற கணினிகளுக்குத் தாமாகவே இறங்கின. ஆக்கியோன் பெயர் அதனோடு வந்ததா என எவரும் நோக்கவில்லை. 'டூம்' களத்தின் பாயிரம் இவ்விடத்தில் உதிர்ந்துபோயிற்று. கோப்பு வந்தது, குறிப்பு வரவில்லை.

இணைய மையங்களின் கணினிகள் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றப்பட்டன. வன்தட்டுகள் அழிக்கப்பட்டோ விற்கப்பட்டோ போயின. வீட்டு இணைப்பும் பின்னர்க் கைப்பேசியும் பரவியபோது மையங்கள் பல மூடின. ஜார்ஜ்டவுனின் கடைவீடுகள் 2008 ஜூலையில் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன; அவற்றின் சுண்ணாம்புச் சுவரையும் ஓட்டையும் பாதுகாக்க விதிகள் உள்ளன. 'டூம்' விளையாட்டை 2015இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரிலுள்ள 'தி ஸ்ட்ராங்' அருங்காட்சியகம் தன் முதல் சிறப்புப் பட்டியலிலேயே சேர்த்துக்கொண்டது. பினாங்கின் கடைவீட்டு மாடிகளிலும் பாயான் பாருவின் கடை வரிசைகளிலும் நம் பிள்ளைகள் ஆடியவற்றையும் ஆக்கியவற்றையும் சேர்த்துவைக்க ஒரு பெட்டியும் இல்லை. தோட்டப்புற வாய்மொழிப் பாடல்களைத் திரட்ட நம் துறையினர் ஊர் ஊராகச் சென்றது தக்க காலத்தில் நிகழ்ந்த நற்பணி. பாடியவர்கள் அப்போது முதியோராயிருந்தனர். இணைய மையத்தில் ஆடியோர் இப்போது நாற்பதை அணுகுகின்றனர். அவர்தம் தாயரில் சிலர் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து சில்லு கோத்தவர்கள். ஒரே வீட்டில் இரு நேர்காணல்களையும் நிகழ்த்தலாம். தாயிடம் ஆலையின் வேலைநேரம், கண்வலி, முதற்சம்பளம் பற்றியும், மகனிடம் களம், கருவி, கூட்டாளிகள் பற்றியும் கேட்கும் வினாநிரல் ஒன்றை நம் இளங்கலை மாணவர்களின் கள ஆய்வுப் பாடத்திலேயே சேர்க்க முடியும். பழைய மென்தட்டு, குறுந்தகடு, வன்தட்டு ஏதேனும் வீட்டில் உண்டா என்னும் வினாவையும் மறவாது சேர்க்க வேண்டும்.

'என் வீடு' என்னும் அப்பழைய வகை 2023 மார்ச்சில் எதிர்பாராத வகையில் மீண்டும் பேசப்பட்டது. இறந்த நண்பரொருவர் விட்டுச்சென்ற பழைய களத்தைச் செப்பனிட்டு வழங்குவதாகச் சொல்லும் குறிப்போடு ஒரு களம் வெளிவந்தது. உள்ளே செல்வோர்க்கு அவ்வீடு மெல்ல மெல்ல மாறும். ஓர் அறையின்மேல் மற்றோர் அறை இருப்பதாகவும் தோன்றும். முப்பதாண்டுகளுக்கு முன் இயலாதெனப்பட்டதை அதன் ஆக்கியோர் புதுக்கருவியின் துணையால் இயற்றினார். களத்தை விளங்கிக்கொள்ள அதனோடு வந்த குறிப்பையும் நாட்பதிவையும் வாசித்தாக வேண்டும். பாயிரமும் நூலும் பிரியாது நின்ற ஆக்கம் அது.

1994ஆம் ஆண்டுக் குறிப்புக்கோப்புகளின் இறுதியில், களம் எங்குக் கிடைக்கும் என்னும் பகுதியில், தொலைபேசிவழி இணைந்து கோப்புப் பெறும் அறிக்கைப்பலகைகளின் எண்கள் வரிசையாகத் தரப்பட்டுள்ளன. அப்பலகைகளைத் தம் வீட்டுக் கணினியில் நடத்தியவர்கள் அவற்றை எப்போதோ நிறுத்திவிட்டனர். எண்கள் மட்டும், ஆக்கியோன் பெயருக்கும் ஆக்க எடுத்துக்கொண்ட மணிக்கணக்கிற்கும் கீழே, தட்டச்சு செய்யப்பட்டவாறே இருக்கின்றன.